இட்டேரிக்குள் ஒரு வர்க்கமூலம்

மூலனூரிலிருந்து கன்னிவாடி போகும் பக்கம் எங்கள் தோட்டம். மாசி மாதக் கடைசியில் ஒரு நாள், பார்சல் கொண்டுவந்த தம்பி ஓடிபி எண்ணை வாங்கிப் போட்ட பிறகும் கிளம்பாமல் நின்றார். கையிலிருந்த போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஏனுங்ணா, நான் சடார்னு பிரேக் புடிச்சேன்னு இதுல வந்துருக்குதுங்க. பக்கத்துல ஒருத்தரும் இல்லீங். ஆட்டுப்பட்டி குறுக்க வந்துருச்சு, புடிச்சேன். அது இந்தப் போனுக்கு எப்படிங்ணா தெரியும்?"

நல்ல கேள்வி. வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவருக்குச் சொன்னதையும், சொல்ல நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம். டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். நாம் முன்னால் சாய்கிறோம். கண்ணை மூடியிருந்தாலும் பிரேக் விழுந்தது உடம்புக்குத் தெரிகிறது. போனுக்குள்ளும் அப்படி ஒரு பயணி நிற்கிறார். அரிசி மணியில் பாதி அளவுள்ள ஒரு சில்லுக்குள், சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய எடைக்கட்டி ஒன்று, அதே சிலிக்கனில் செதுக்கிய வில்களில் தொங்குகிறது. கட்டியின் ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசை. அதற்கு எதிரே அசையாத இன்னொரு சீப்பு. இரண்டு சீப்பின் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் கோத்திருக்கும். நடுவில் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குதான். வண்டி சட்டென்று நின்றால் கட்டி கொஞ்சம் முன்னே தள்ளும், பற்களின் இடைவெளி மாறும், அவற்றுக்கிடையே தேங்கும் மின்னூட்டமும் மாறும். அந்த மாற்றத்தைப் போன் ஒரு நொடிக்குப் பல முறை எண்ணாக எழுதிக்கொள்கிறது. ஒரே நொடியில் வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் குறைந்தால், புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு விசை. பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான் 'கடும் பிரேக்' என்று கோடு போட்டிருப்பார்கள்.

ஆட்டுப்பட்டி அந்தச் சீப்பில் பதியாது. செம்மறிகள் தார் ரோட்டில் ஏறியதும், மேய்ப்பவர் கையைத் தூக்கியதும், இவர் பிரேக் பிடித்ததால் ஒரு குட்டி பிழைத்ததும் எதிலும் பதியவில்லை. பதிந்தது விசை மட்டும்.

இடம் தெரிவது இதைவிடப் பெரிய அதிசயம். தலைக்கு மேலே 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. 'இப்போது மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்வதுதான் அவற்றின் வேலை. அந்தச் செய்தி மூலனூருக்கு வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்று தெரிந்தால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். நான்கு செயற்கைக்கோளின் தூரம் கிடைத்தால் நிற்கும் இடம் தெரிந்துவிடும். மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் அங்குள்ள கடிகாரம் நம் கடிகாரத்தைவிடச் சற்று வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கண்டது. செயற்கைக்கோளின் வேகத்தால் வரும் சுணக்கத்தைக் கழித்த பிறகும் ஒரு நாளைக்கு 38 மைக்ரோ நொடி முந்துகிறது. ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிசகிப்போகும், தாராபுரம் ரோட்டில் நிற்பவரைப் போன் வேறு ஊரில் நிறுத்தும். பார்சல் கொண்டுவருபவரின் கைப்பிடியில் மாட்டியிருக்கும் போன் ஒவ்வொரு நிமிடமும் சார்பியல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இத்தனை துல்லியமும் சேர்ந்து அந்தத் தம்பியை எங்கே கொண்டுவந்து விட்டது? ஊர் நடுவில். எங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால்.

அவர் நிற்கும் இடம் போனுக்குச் சரியாகத் தெரியும். எங்கள் வீடு இருக்கும் இடம்தான் தெரியாது. கொங்கு நாட்டு மேட்டுப்பாங்கான பூமியில் ஊர் ஓரிடத்தில் இருக்கும், வீடுகள் தோட்டத்துக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். மூலனூர், வெள்ளகோவில், காங்கயம் வட்டாரத்தில் நிலத்தைக் கொறங்காடாக வைத்திருப்பார்கள். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம். மாடும் ஆடும் தாமாக மேய்ந்துகொள்ளும். இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒரு வண்டி போகும் அளவுக்கு ஒரு தடம் ஓடும். அதுதான் இட்டேரி. இட்டேரியின் கடைசியில் ஒரு சாளை (தோட்டத்து வீடு), அடுத்த சாளைக்கு அரை மைல். முகவரியில் ஊர் பெயரும் 638106 என்ற பின்கோடும்தான் இருக்கும். 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த பின்கோடு தபால் நிலையத்தைச் சொல்வதற்காக வகுக்கப்பட்டது, வாசலைச் சொல்வதற்காக அல்ல. முதல் மூன்று இலக்கமான 638 ஈரோட்டுக்குரியது. 2009-ல் திருப்பூர் மாவட்டம் பிரிந்து நாங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். எண் இன்னும் ஈரோட்டிலேயே இருக்கிறது.

இதைச் சரிசெய்ய அஞ்சல் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்றொரு முறையை வெளியிட்டது. ஐதராபாத் ஐஐடியும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து செய்தது. இந்தியா மீது ஒரு பெரிய சதுரத்தைப் போட்டு 16 கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி 16. இப்படிப் பத்து முறை பிரித்தால் ஒரு கட்டம் கிட்டத்தட்ட நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் ஆகிவிடும், ஒரு திண்ணை அளவு. பத்தே எழுத்தில் எந்தச் சாளையின் திண்ணையையும் சொல்லிவிடலாம். ஆனால் திண்ணை தெரிந்தால் போதாது. அங்கே போக எந்த வேலியில் கடவு இருக்கிறது, எந்த இட்டேரி மழைக்கு அறுந்து கிடக்கிறது, எந்த வீட்டு நாய் கட்டிப்போடாத நாய் என்பதெல்லாம் இன்னும் அந்தத் தம்பியின் தலைக்குள்தான் இருக்கின்றன.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

1930-களில் வங்காளத்தில் சணல் எவ்வளவு ஏக்கரில் விளைகிறது என்று கணக்கெடுக்கும் வேலையைப் புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸ் நடத்தினார். எல்லா வயலையும் அளக்க முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஆட்களை அனுப்பினார். அப்போது அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. வயலை அளக்கும் நேரம் ஒரு பக்கம், வயலுக்கு வயல் நடக்கும் நேரம் இன்னொரு பக்கம். சிதறிக் கிடக்கும் இத்தனை புள்ளிகளைச் சுற்றி வர எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும்? 1940-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கேள்வி இருக்கிறது. 1959-ல் பியர்ட்வுட், ஹால்டன், ஹேமர்ஸ்லி என்ற மூவர் இதற்கு உறுதியான விடையை நிறுவினார்கள். பரப்பளவையும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் பெருக்கு. வர்க்கமூலம் எடு. அதை ஏறத்தாழ 0.71-ஆல் பெருக்கு. மிகக் குறுகிய சுற்றுவழியின் நீளம் அதுதான். புள்ளிகள் நிறைய இருந்து, ஒழுங்கின்றிச் சிதறியும் கிடந்தால் எந்த நாட்டு நிலமானாலும் இந்தக் கணக்கு நெருங்கி வரும்.

இதை எங்கள் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை. திருப்பூர் நகருக்குள் ஒருவருக்கு நாலு சதுர கிலோமீட்டர், 60 பார்சல். சுற்றுவழி 11 கிலோமீட்டர். மூலனூர் பக்கம் ஒருவருக்கு 12 கிலோமீட்டர் நீளம், 12 கிலோமீட்டர் அகலம், அதே 60 பார்சல். சுற்றுவழி 66 கிலோமீட்டர். பறவை போகிற நேர்கோட்டுக் கணக்கு இது. ரோடு வளைந்து போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்தால் அங்கே 14, இங்கே 86. இருவரும் ஒப்படைத்தது அறுபதுதான். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் இருவருக்கும் ஒரே பணம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி, நூறு ரூபாய் பெட்ரோல் என்று வைத்தால்கூட இவருக்கு ஒரு நாளைக்கு நூற்று நாற்பது ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. 26 நாளில் மூவாயிரத்து எழுநூறு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்தக் கூடுதல் 72 கிலோமீட்டரை ஓட்ட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வேண்டும். பார்சல் கணக்கில் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு இடமே கிடையாது.

சூத்திரத்துக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. அறுபது பார்சலையும் ஒருவரே கொண்டுவந்தால் 66 கிலோமீட்டர். அதையே மூன்று கம்பெனிகள் ஆளுக்கு இருபதாகப் பிரித்துக்கொண்டு மூன்று பேரை அதே பூமிக்குள் அனுப்பினால் மூவரும் சேர்ந்து ஓடுவது 115 கிலோமீட்டர். ஒரே இட்டேரிக்குள் காலையில் ஒரு வண்டி, மத்தியானம் ஒரு வண்டி, பொழுது சாய ஒரு வண்டி. எங்கள் நாய்க்கு இப்போது மூன்று வண்டியின் சத்தமும் பழகிவிட்டது. மூன்று பேரின் பெட்ரோலும் அவரவர் பையிலிருந்துதான் போகிறது.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சரியாகப் போட்டுக் கொடுத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பத்து வீட்டுக்கு எந்த வரிசையில் போவது என்பதற்கு 36,28,800 வழிகள் உண்டு. அறுபது வீட்டுக்கு வரும் எண் 82 இலக்கம் கொண்டது. நமக்குத் தெரியும் பிரபஞ்சத்தின் அணுக்களைவிட அதிகம் என்று கணிக்கிறார்கள். எனவே எல்லா வழியையும் சோதித்துப் பார்க்க யாராலும் முடியாது. குறுக்கு உபாயங்களால் நல்ல வழியொன்றைக் கண்டுபிடிக்கத்தான் முடியும். 2021-ல் அமேசானும் எம்ஐடியும் சேர்ந்து ஒரு போட்டி வைத்தன. அமெரிக்க நகரங்களில் டிரைவர்கள் உண்மையாகவே ஓட்டிய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வழித்தடங்களைக் கொடுத்தார்கள். எது மிகக் குறுகிய வழி என்று அவர்கள் கேட்கவில்லை. அனுபவமுள்ள டிரைவர் எந்த வரிசையில் போவாரோ அந்த வரிசையைக் கணிக்கச் சொன்னார்கள். வென்ற குழுவில் இந்தப் புதிரிலேயே வாழ்நாளைக் கழித்த வில்லியம் குக் இருந்தார். குறுகிய வழியைக் கணிக்கும் கலையில் உலகத்திலேயே தேர்ந்தவர்கள், கடைசியில் டிரைவரின் பழக்கத்தைப் படித்துத்தான் ஜெயித்தார்கள். வண்டி எங்கே நிறுத்த முடியும், எந்தத் தெரு எந்த நேரம் அடைத்துக் கிடக்கும் என்ற அறிவு அந்தப் பழக்கத்துக்குள் இருக்கிறது. நம் ஊர்த் தம்பி போன் காட்டும் வழியை விட்டு இட்டேரிக்குள் திரும்பும் ஒவ்வொரு முறையும் அப்படியொரு அறிவு போனுக்குள் பதிகிறது. அதற்கும் கூலி இல்லை.

துண்டுக்கூலி எங்களுக்குப் புதிதல்ல. திருப்பூரில் பவர்டேபிள் தையலில் பாதி ஊர் பீஸ் ரேட்டில்தான் பிழைத்தது. ஆனால் பனியன் தைப்பவருக்கு ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் நடுவில் ஒரு கை நீட்டும் தூரம்தான். பண்டல் பக்கத்திலேயே இருக்கும், எடுத்துக் கொடுக்கக் கைமடி ஆள் இருப்பார், மிஷின் கம்பெனியுடையது, கரண்டு கம்பெனியுடையது. பார்சல்காரருக்கு ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் நடுவில் ஒன்றரை கிலோமீட்டர். வண்டியும் எண்ணெயும் அவருடையவை. ஒரே பெயரில் இரண்டு வேறு கூலி முறைகள் நடக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குள் போனால் எஸ்ஏஎம் என்று பேசுவார்கள். காலர் வைக்க இத்தனை நிமிடம், சைடு அடிக்க இத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு வேலைக்கும் நேரம் அளந்து வைத்திருப்பார்கள். ஸ்டாப்வாட்ச் பிடித்து வேலையை அளக்கும் இந்த இயலை வளர்த்தவர்கள் தொழிலாளிக்குச் சாதகமானவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் ஒன்றை அவர்கள் மறக்கவில்லை. அளந்த நேரத்தோடு கழிவும் சேர்க்க வேண்டும் என்றார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1957-ல் முதலில் வெளியிட்ட வேலை ஆய்வு நூலின் பட்டியல்படி, தண்ணீர் குடிக்க, சிறுநீர் கழிக்க ஆண்களுக்கு 5 சதவீதம், பெண்களுக்கு 7 சதவீதம். அடிப்படைக் களைப்புக்கு இருவருக்கும் 4 சதவீதம். நின்று வேலை செய்தால், எடை தூக்கினால், வெக்கையில் இருந்தால் அதற்கு மேலும் தனித்தனியே. அளந்த எட்டு மணி நேரத்துக்கு முதல் இரண்டு மட்டுமே ஆண்களுக்கு 43 நிமிடம் வருகிறது. உடம்பு என்று ஒன்று இருக்கிறது என்பதை எண்ணாக எழுதி ஒப்புக்கொண்ட பட்டியல் அது. இன்றைய செயலி அன்றைய ஸ்டாப்வாட்சைவிட ஆயிரம் மடங்கு கூர்மையானது. பார்சல் கூலியில் அந்தக் கழிவைத் தேடினேன், காணவில்லை.

வெக்கையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. வானிலை அறிக்கையில் வெயிலுக்கு அடிக்கடி முன்னால் வரும் கரூர் பரமத்தி எங்களுக்குப் பக்கம்தான். நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை வண்டி ஓட ஓட மேலே மோதும் காற்று உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 40 டிகிரியில் அதே காற்று சூட்டைக் கொண்டுவந்து ஏற்றும். பிறகு வியர்வை ஒன்றுதான் துணை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஒரு மணி நேரத்தில் அது நடந்தால், ஒரு மிக்சி இழுக்கும் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தோல் வழியாக வெளியேறுகிறது என்று பொருள். அந்த ஒரு லிட்டர் தண்ணீரைத் திரும்பக் குடிக்க வண்டியை நிறுத்த வேண்டும். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று அரசே சொன்ன வெயிலில் நிழலுக்கு ஒதுங்கினால், திரையில் அது 'வண்டி நகரவில்லை' என்று மட்டும்தான் தெரியும்.

தூரத்தைக் கூலிக்குள் கொண்டுவருவது நடக்காத காரியம் இல்லை. நம் ஊர்க் கிளை அஞ்சலகத்துக் கிராமிய தபால் சேவகரின் ஊதியத்துக்கு நேரம் சார்ந்த தொடர்படி என்று பெயர். 2018 ஜூலை முதல் நாலு மணி நேர வேலைக்கு உதவி அஞ்சல்காரருக்குத் தொடக்கம் 10,000 ரூபாய், அதன் மேல் பஞ்சப்படி. கடிதத்துக்கு இவ்வளவு என்று இல்லை. போய்வரும் தூரமும் வேலை நேரத்தின் கணக்குக்குள் வருகிறது. அவர்களுக்கும் குறைகள் உண்டு, நிரந்தர ஊழியர் ஆக்கச் சொல்லிப் பல காலமாகப் போராடுகிறார்கள். ஆனாலும் இட்டேரியில் போகும் நேரம் வேலை நேரம் என்பதை அந்தத் துறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. திருப்பூரிலும் விலைவாசி ஏற ஏறக் கூலியும் ஏற வேண்டும் என்ற எளிய கணக்கைப் பஞ்சப்படியாகப் பெற 1984-ல் 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது.

சட்டம் மெல்ல வருகிறது. மாநில அரசு 2023-ல் இணையச் செயலித் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அறிவித்தது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நல நிதிக்குத் தர வேண்டும். நல நிதி நல்லது. ஆனால் கண்காணிப்பைப் பற்றி அந்தச் சட்டம் பேசவில்லை. பிரான்சில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அமேசான் கிடங்கு நிறுவனத்துக்கு 2024 ஜனவரியில் 3.2 கோடி யூரோ அபராதம் அறிவித்தது. கையிலிருக்கும் ஸ்கேனர் பத்து நிமிடம் சும்மா இருந்தாலே பதிந்துகொள்வது அளவுக்கு மீறிய கண்காணிப்பு என்றது. 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம், செயலி டிரைவர்கள் தொடுத்த வழக்கில், தங்களைப் பற்றி நிறுவனம் சேர்த்த தகவலைக் கேட்டு வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. மற்ற எல்லாவற்றையும்விட இந்தத் தீர்ப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அன்றைக்கு வேப்பமரத்தடியில், பார்சலைச் சுற்றியிருந்த அட்டையின் பின்பக்கம் அந்த வர்க்கமூலத்தைப் போட்டுக் காட்டினேன். தம்பி எட்டிப் பார்த்தார்.

"எம்பத்தாறுங்களா? அவ்வளவு ஓடறனுங்களா நானு?"

"நீங்கதான் சொல்லோணும். காலைல கிளம்பறப்ப மீட்டர் எவ்வளவு, ராத்திரி எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதி வெய்யுங்க. ஒரு மாசம் எழுதுனா யாருகிட்ட வேணாலும் காட்டலாமல்ல."

அவர் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"மீட்டர் ஓடலீங்ணா. ஒயரு அந்து ஆறு மாசமாச்சு."

"அப்ப போன்ல இருக்குமே?"

"போன்ல இருக்குதுங். நமக்குத்தான் காட்டாது."

பையில் இன்னும் பதினேழு இருப்பதாகச் சொல்லிவிட்டு, சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். இட்டேரி திரும்பும் இடத்தில் வண்டியை மெதுவாக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு ஏதும் வருகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.